இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிடித்த பனி

மடிப்பு அக்கா என்று சொன்னால்தான் அந்தக் குடியிருப்பில் ஆள் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைப் படித்துக் கூப்பிடுகிறவர் தபால்காரர் ஒருவர்தான். பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் விரிப்பு மடித்தவள். வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகியும் கையில் எந்தத் துணி அகப்பட்டாலும் நாலாக மடித்து ஓரம் நீவி வைத்துவிடுவாள். மளிகைக் கடைப் பையைக்கூட அவள் சும்மா கசக்கி வைத்ததில்லை.

அவளுடைய மாமனாருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் இவள். இளையவருக்கு வாழ்க்கைப்பட்டவள் இவளைவிட நாலு வயது சின்னவள். அவளை ஒரு வழியில் கணக்குப் பார்த்தால் மதினி முறை வரும். இன்னொரு வழியில் பார்த்தால் சித்தி முறை வரும். தன்னைவிடச் சின்னவளைச் சித்தி என்று கூப்பிடுவது யாருக்கு ஆகும்? ஓரகத்தி என்கிற ஒரு முறையே போதும் என்று மற்றதையெல்லாம் விட்டுவிட்டார்கள். சின்னவள் இவளை அக்கா என்பாள். சின்னவளுக்கு ஒரே மகள். அவள் இவளைப் பெரியம்மா என்பாள். இவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன காலத்தில் பாதி நாள் பெரியம்மா வீட்டில்தான் தலை பின்னிக்கொண்டது.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாக மனுப் போட்டு, ஒரே வருஷத்தில் வீடு வாங்கினார்கள். இரண்டு கட்டிடம், முதுகோடு முதுகு சாய்த்து வைத்த மாதிரி. நடுவில் குப்பைத் தொட்டிகளும் சைக்கிள்களும் நிற்கிற ஒரு முற்றம். இவர்கள் மூன்றாவது மாடி, அவர்களும் மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலும் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். ஆனால் வாசல்கள் வெவ்வேறு தெருவில் இருந்தன. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தைக் காலால் சுற்றிப் போக வேண்டுமானால் பத்து நிமிஷம் ஆகும்.

சின்னவளும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். இரட்டைக் கட்டில் விரிப்பும் அறுவை மேசை விரிப்பும் இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வந்து விழும். அதை ஓர் ஆள் மடிக்க முடியாது. ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும், மற்றவள் எதிர்ப்பக்கம் இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். ஓர் உதறு, ஒரு பாதி, எதிரெதிரே நாலு எட்டு நடந்து வந்து முனையைக் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழ்மடிப்பை எடுக்க வேண்டும். ஓரகத்திகள் இருவரும் பத்தொன்பது வருஷம் ஜோடியாக மடித்தார்கள். வாயைத் திறக்காமல் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யத் தெரிந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, பேச்சு நின்றபோதும் நன்றாகவே நின்றது. ஒன்பது வருஷம்.

நின்றதற்குக் காரணம் மாமியார். அந்த அம்மாள் கடைசியாகப் படுத்தது இவர்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான். இருவரும் முறை போட்டுக் காத்தார்கள். ஒரு நாள் சின்னவள் அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்படியே சாய்ந்துவிட்டாள். மதியம் மாமியாருக்கு மூச்சு மாறியது. நர்ஸ் வந்து பார்த்து, "சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்றாள். களைத்துப் படுத்தவளை எழுப்ப வேண்டாம், நாலு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மடிப்பு அக்கா இருந்துவிட்டாள். இரண்டு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. சின்னவளுக்கு அந்த அம்மாள் மாமியார் மட்டுமில்லை, பெற்ற அப்பாவோடு கூடப் பிறந்த அத்தையும்கூட. சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "கண்ணால பார்த்துட்டே சும்மா இருக்கறது இவளுக்குக் கை வந்த கலை."

மடிப்பு அக்கா பதில் சொல்லவில்லை. சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

பிறகு சின்னவளுடைய வீட்டுக்காரர் போனார். அடுத்து இவளுடைய வீட்டுக்காரர் போனார். ஒருத்தி வீட்டுச் சாவுக்கு மற்றவள் போனாள், பின்வரிசையில் உட்கார்ந்தாள், எழுந்து வந்தாள். அவ்வளவுதான்.

ஆனால் விளக்கு இருந்தது. சலவைக்கூடத்து முதல் ஷிஃப்டுக்கு எழுந்த பழக்கம் சின்னவளை விடவில்லை. காலை ஐந்தேகாலுக்கு எதிர்ச் சமையலறையில் விளக்கு எரியும். அது எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் இவள் தன் விளக்கைப் போடுவாள். பல் துலக்குவதெல்லாம் அதற்குப் பிறகு. சின்னவள் தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடப்பது தெரியும். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்துவிட மாட்டாள். வேண்டாம், பார்க்கவே வேண்டாம். இருக்கிறாள், நடக்கிறாள், அது போதும் மடிப்பு அக்காவுக்கு. தனக்கும் ஒன்று ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு ஜோடிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது அவளுக்கு ஒரு தைரியம். அந்தக் கட்டிடத்தில் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

போன மழைக்காலத்தில் சமையலறை ஜன்னலில் கீழ்மூலையில் நகத்தளவு ஒரு வெள்ளை தெரிந்தது. துடைத்தாள். போகவில்லை. வெளிப்பக்கம் இருக்கும் என்று கையை வளைத்து வெளியே துடைத்தாள். அங்கேயும் போகவில்லை. சூடு காட்டினால் போகுமென்று தலைமுடி உலர்த்துகிற மெஷினை அரை மணி நேரம் பிடித்தாள். கொஞ்சம் விலகுகிற மாதிரி விலகி, மறுநாள் இரண்டு பங்காக வந்து உட்கார்ந்தது. இரண்டு மாதத்துக்குள் கண்ணாடி முழுவதும் மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் மனிதர் தெரியாது. விளக்கு எரிந்தால் மட்டும் ஒரு மஞ்சள் திட்டு தெரியும். சரி, திட்டுத் தெரிகிறதே என்று இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு முறை மூன்று நாள் திட்டே தெரியவில்லை. மூன்றாம் நாள் மடிப்பு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டாள். கதவைத் தட்டினால் சின்னவள் திறந்து, "என்ன, நான் செத்துட்டேனான்னு பார்க்க வந்தியா?" என்று கேட்பாள். கேட்கக் கூடியவள்தான். நின்று யோசித்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பினாள். மறுநாள் திட்டு வந்துவிட்டது. செருப்பு பழைய இடத்துக்குப் போனது.

ஆனால் அதிலிருந்து அந்த விளக்குக்கு நேரம் காலம் இல்லாமல் போனது. ஒரு வாரம் நாலு மணிக்கே எரியும். ஒரு வாரம் ஒன்பது மணிக்கு எரியும். "சோம்பேறி ஆயிட்டா" என்று முதலில் சிரித்தாள். அப்புறம் தூக்கம் கெட்டுவிட்டதோ என்று நினைத்தாள். சர்க்கரை ஏறிவிட்டதோ, தலை தடுமாறுகிறதோ? இப்படி எட்டு மாதம் மஞ்சள் திட்டை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தாள். கடைசியில் ஐந்து நாள் திட்டே இல்லை. ஆறாம் நாள் நடுப்பகலில் எரிந்தது. நடுப்பகலில் எதற்கு விளக்கு? கண் தெரியவில்லையோ?

இனி தாங்காது என்று ஆனது. போய்க் கேட்கவும் மனசு வரவில்லை. கண்ணாடியைச் சரி செய்துவிட்டால் யாரையும் கேட்காமலே பார்த்துவிடலாம். அப்படித்தான் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டாள்.

கண்ணாடிக்காரர் ஐம்பது வயது ஆள். இடுப்பில் ஒரு தோல் பை, காதில் பென்சில். வந்ததும் ஜன்னலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"எத்தனை நாளாம்மா தேய்ச்சீங்க?"

"எதை?"

"கண்ணாடியைத்தான். கோடு விழுந்திருக்கே. தேய்க்கத் தேய்க்கப் போகலைன்னு இன்னும் அழுத்தித் தேய்ச்சிருக்கீங்க. எல்லாரும் அதான் பண்ணுவாங்க."

உள்பக்கம் ஒரு விரல், வெளிப்பக்கம் ஒரு விரல் வைத்து நேராகப் பிடித்துக் காட்டினார். "பாருங்க, என் விரலும் சேரலை. இது ஒரு கண்ணாடி இல்லம்மா, ரெண்டு. அழுக்கு நடுவுல இருக்கு. உங்க கை அங்க போகாது, என் கையும் போகாது."

"அப்ப எப்படி உள்ளே போச்சு?"

"ரெண்டுக்கும் நடுவுல சுத்தி ஒரு தகடு ஓடுதில்ல? அதுக்குள்ள உப்பு மாதிரி மணி இருக்கும். ஈரத்தைக் குடிக்கிறதுதான் அதுக்கு வேலை. ஓரத்துல ஒட்டியிருக்கிற பசை விட்டுப்போச்சுன்னா ஈரம் வந்துட்டே இருக்கும். அதுவும் எவ்வளவுதான் குடிக்கும்? வயிறு நிறைஞ்சா விட்டுடும். அப்புறம் கண்ணாடி இப்படித்தான் ஆகும்."

"துளை போட்டுக் காய வெச்சுடலாம்னு கீழ் வீட்டுக்காரர் சொன்னார்."

"கீழ் வீட்டுக்காரர் நல்லாத்தான் சொல்லுவார். துளை போட்டா காயும். அடுத்த மழைக்குத் தண்ணி அந்தத் துளை வழியாவே உள்ளே வந்து குடியிருக்கும். கண்ணாடி ஜோடியை மாத்தணும். சட்டம் நல்லா இருக்கு, அதுக்கு ஒண்ணுமில்லை."

ஜன்னல் மேலே கீல் வைத்தது. கீழ்ப்பக்கத்தைத் தள்ளினால் வெளியே திறக்கும். கண்ணாடிக்காரர் அதைத் திறந்து கீழ்ச் சட்டத்தைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் வடிய வேண்டிய சின்னத் துளையில் குச்சியை விட்டு நோண்டினார். சாம்பல் நிறத்தில் பஞ்சு திரிதிரியாக வந்தது.

"இதென்னம்மா, ஜன்னலுக்குள்ள தலையணை வெச்சுத் தைச்சிருக்கீங்களா?"

அவர் ரப்பர் மேல் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் நின்றார். அந்த இரண்டு இடத்திலும் ரப்பர் சப்பி, பல் போன ஈறு மாதிரி இருந்தது.

"இங்க எதை வெச்சு நெரிச்சீங்க? ரெண்டு முழ இடைவெளியில ரெண்டு இடம். மத்த இடமெல்லாம் புதுசாட்டம் இருக்கு. இது வழியாத்தான் மழைத் தண்ணி இறங்கி, போக வழியில்லாம கண்ணாடிக்கு அடியில தேங்கியிருக்கு."

"தெரியலையே."

"தெரியலையா? திருடன் வந்து நெரிச்சுட்டுப் போனானா?"

"பழசாயிருக்கும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தட்டையான தகட்டால், கண்ணாடியைப் பிடித்திருந்த உள்பக்கத்துப் பட்டிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். அகலத்தை மூன்று இடத்தில் அளந்தார், உயரத்தை மூன்று இடத்தில் அளந்தார், மூன்றிலும் சின்னதையே எழுதிக்கொண்டார். "பெரிசா வந்துட்டா அறுக்க முடியாதும்மா. இந்தக் கண்ணாடியில கத்தி வெச்சா பொடிப்பொடியாப் போயிடும். சின்னதா வந்தா சமாளிக்கலாம்" என்றார். பட்டிகளைத் திரும்பப் பொருத்தி, இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெரித்தது எதுவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரட்டைக் கட்டிலும் இரட்டை விரிப்பும் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வாங்கியவை, மாற்றவில்லை. அதை ஒற்றை ஆளாக நீளவாக்கில் ஒரு பாதி போட்டுவிடலாம். அதற்கு மேல் எதிரே ஓர் ஆள் வேண்டும். கதவுப் பிடியில் கட்டிப் பார்த்தாள், கோணலாக வந்தது. கோணலான மடிப்பை அலமாரியில் வைத்தால் இவளுக்கு அன்றைக்கு முழுவதும் உறுத்தும். ஒரு நாள் சமையலறை ஜன்னலைத் திறந்து, விரிப்பின் இரண்டு முனையையும் கீழ்ச் சட்டத்தில் வைத்து, இழுத்து மூடிப் பூட்டினாள். பிறகு பின்னால் நாலு எட்டு நடந்து இழுத்துப் பார்த்தாள். கல் மாதிரி பிடித்தது. ஓர் உதறு, ஒரு பாதி, நாலு எட்டு முன்னால். ஜன்னல் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து வாரம் ஒரு விரிப்பு. இதைப் போய் ஓர் ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "ஜன்னல்தான் எனக்கு எதிரே நின்னு பிடிக்குது" என்றா?

இரண்டு வாரமும் மஞ்சள் திட்டு கண்டபடி வந்தது, போனது. எட்டு மாதமாகப் பொறுத்தவளால் இந்தப் பதினைந்து நாளைப் பொறுக்க முடியவில்லை. கண்ணாடிக்காரருக்கு இரண்டு தடவை போன் செய்தாள். "சூளையில வெந்துட்டு இருக்கும்மா, இறக்கினதும் கொண்டு வரேன்" என்றார் அவர்.

வந்த அன்று வெயில் அடித்தது. புதுக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, மாடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கித் தூக்கி வந்தார். பழையதைக் கழற்றியபோது அதன் அடியோரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டத்தைத் துடைத்து, வடிகால் துளைகளைச் சுத்தமாக்கி, ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி வெளியே வழிகிறதா என்று பார்த்தார். கண்ணாடி சட்டத்தில் நேரே உட்காராமல் இருக்க அடியில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து, அதன் மேல் புது ஜோடியை இறக்கினார். பட்டிகளை ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றினார். கடைசியில் புது ரப்பர். "இதை இழுத்து ஒட்டக் கூடாதும்மா. இழுத்தா இன்னிக்கு நல்லா இருக்கும், ஆறு மாசத்துல சுருங்கி மூலையில வாயைத் திறந்துடும். கொஞ்சம் தாராளமா விட்டு அமுக்கணும்" என்று பேசிக்கொண்டே விரலால் அழுத்திக்கொண்டு போனார்.

மடிப்பு அக்கா அவருடைய தோளுக்கு மேலாக எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எதிர் ஜன்னலின் திரை தெரிந்தது. அது சின்னவள் போட்டிருந்த திரை இல்லை.

"அதோ அந்த ஜன்னல் இருக்கு பாருங்க," என்றார் கண்ணாடிக்காரர், அவள் பார்க்கிற திக்கைப் பார்த்து. "அதுக்கும் நான்தான் ரப்பர் மாத்தினேன், ஆறு மாசம் இருக்கும். உங்க வீட்டுக்கு முதல் தடவை வந்துட்டுப் போனப்போ மண்டைக்குள்ள குடைஞ்சுட்டே இருந்துச்சு, எங்கயோ பார்த்திருக்கமேன்னு. அங்கயும் இதே மாதிரி அச்சு. அடியில ரெண்டு இடம், ரெண்டு முழ இடைவெளி. என் சர்வீஸ்ல இந்த ரெண்டு வீட்டுலதான் பார்த்திருக்கேன்."

மடிப்பு அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த வீட்டம்மா என்ன சொன்னாங்க? எப்படி ஆச்சுன்னு சொன்னாங்க?"

"எந்த அம்மா? அங்க பஸ் ஓட்டுறவர்தானே இருக்கார்? ஒத்தை ஆளு. ஷிஃப்ட் மாறி மாறிப் போவார், அவரைப் பிடிக்கவே நாலு தடவை போக வேண்டியதாப் போச்சு. முன்னாடி அவருக்குச் சொந்தத்துல ஒரு அம்மா இருந்தாங்களாம். விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, மகள் வந்து வெளியூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாளாம்."

அந்த நேரம் பார்த்து எதிர்த் திரை விலகியது. பனியன் போட்ட ஓர் ஆள் நின்றுகொண்டே எதையோ தின்றுகொண்டிருந்தான். மடிப்பு அக்காவுக்கு அவனைத் தெரிந்தது. சின்னவளுடைய மருமகனுக்குச் சித்தப்பா மகன். கல்யாணத்தில் பார்த்தது, அப்போது மீசை இல்லை. எட்டு மாதம் இவள் விளக்கைப் பார்த்து விளக்குப் போட்டது இவனுக்குத்தான்.

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் சின்னவளுடைய மகளின் நம்பர் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் கையெழுத்து. கண்ணாடிக்காரர் இருக்கிறாரே என்றுகூட நினைக்காமல் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ?"

"நான்தான். பெரியம்மா."

அந்தப் பெண், யாரோ அதிகாரியிடம் பேசுகிற குரலில், "சொல்லுங்க" என்றது. நீ வா போ என்று பேசின பிள்ளை.

"அம்மா எப்படி இருக்கா?"

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா? அம்மாவே பேசட்டும். நான் குடுக்க மாட்டேன்னு சொன்னா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

கட்டிலின் கிறீச்சு கேட்டது. பிறகு ஒன்பது வருஷமாகக் கேட்காத குரல். "யாரு, மகராணியா?"

"விழுந்துட்டியாமே?"

"விழுந்தேன். எழுந்து நின்னு, வாக்கரைப் பிடிச்சு நடக்கவும் ஆரம்பிச்சுட்டேன். நியூஸ் உனக்கு மெதுவாத்தான் வருது போல."

"எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதா? முன்வாசல் படி குறுகல்னு பின்பக்கமா முற்றத்துல இறக்கினாங்க என்னை. காலையில பத்து மணி. ஆம்புலன்ஸ் அலறிட்டு நிக்குது. ஸ்ட்ரெச்சர்ல மல்லாக்கக் கிடக்கேன், நேரா மேலே உன் ஜன்னல். பார்த்துட்டே போனேன். ஒரு முகம் வரலை. அத்தைக்கும் பார்த்துட்டே சும்மா இருந்தே. எனக்கும் பார்த்துட்டே சும்மா இருந்தே. மககிட்டயும் சொல்லிட்டேன், உனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு. பார்த்தும் வராதவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"நான் பார்க்கலை. கண்ணாடியில பனி பிடிச்சிருந்துச்சு. ஒண்ணுமே தெரியாது. இந்த ஜன்னலை மூடினா சத்தமும் கேக்காது, உனக்குத் தெரியாததா?"

சின்னவள் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "நல்ல சாக்கு. உன் வீட்டுக் கண்ணாடிகூட உனக்கு ஏத்த மாதிரி பேசுது."

மாமியார் செத்த அன்றைக்கு மடிப்பு அக்கா பயந்தது இந்தச் சாக்கு என்கிற சொல்லுக்குத்தான். அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டாள். இப்போதும் போனை வைத்துவிட்டால் இனி ஒரு நம்பரும் இல்லை, ஒரு விளக்கும் இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் போனைக் கண்ணாடிக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க. இது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அவர் ரப்பரை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "வணக்கம்மா. நான் ஜன்னல் வேலைக்கு வந்தவன். அவங்க சொல்றது வாஸ்தவம்தான். பாலை ஊத்தி வெச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்."

"இப்படிச் சொல்லச் சொல்லி என்ன குடுத்தா உனக்கு?" சின்னவள் பேசுவது வெளியே கேட்டது.

"ஒரு டீ குடுத்தாங்க. அதுவும் ஆறிப் போச்சு."

"கண்ணாடி சும்மா எப்படிய்யா வெள்ளையாகும்? எங்க வீட்டுதும் அதே வயசுக் கண்ணாடிதானே?"

"சும்மா ஆகலைம்மா. அடி ரப்பர் நெரிஞ்சு போய் மழைத் தண்ணி இறங்கிடுச்சு. வடியிற துளையில பூராவும் துணிப் பஞ்சு. கீழே ரெண்டு இடத்துல நெரிஞ்சிருக்கு, ரெண்டு முழ இடைவெளியில. எப்படின்னு கேட்டா தெரியலைங்கறாங்க."

கண்ணாடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து, தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"ரெண்டு முழமா?" என்றாள் சின்னவள் கடைசியில்.

"அளந்தே சொல்றேன்."

"அவகிட்ட குடு."

மடிப்பு அக்கா வாங்கிக்கொண்டாள்.

"எந்த விரிப்பு?" என்று கேட்டாள் சின்னவள்.

"பெரிசு. ரெட்டைக் கட்டிலோடது."

"அதை ஒத்தையில மடிக்க முடியாதே."

"அதான்."

"கொஞ்சம் விலகலா வெச்சுப் பூட்டணும். முனையை இழுத்துப் பூட்டினா கோணிக்கும்."

"ஆமா. எனக்கும் முதல்ல கோணிச்சு."

கண்ணாடிக்காரர் எதுவும் புரியாமல் இரண்டு கையாலும் ரப்பரைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, தான் அங்கே இருக்க வேண்டியதில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். பழைய கண்ணாடியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ஒரு நாள் திறக்காமல் விடச் சொல்லிக் கையால் ஜாடை காட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

"அன்னிக்கு உன்னை நல்லாத் திட்டிட்டே போனேன்," என்றாள் சின்னவள். "வண்டியில கூட இருந்த ஆளு, உங்க மருமகளைத் திட்டுறீங்களான்னு கேட்டான். மருமகளா இருந்தா இவ்வளவு கோபம் வருமாடான்னேன்."

"திட்டியிருப்பே. உன் வாய் தெரியாதா எனக்கு."

"அத்தை செத்தன்னிக்கு ஏன் வாயைத் திறக்கலை நீ?"

"நீ ரெண்டு ஷிஃப்ட் பார்த்துட்டுப் படுத்திருந்தே. நாலு மணிக்கு எழுப்பலாம்னு இருந்தேன்."

"இதைச் சொல்ல ஒன்பது வருஷமா?"

அந்தப் பக்கம் எங்கேயோ மெஷின் ஓடி நின்றது.

"இங்க இவ மெஷின்ல காய வெச்சு, பந்து மாதிரி சுருட்டி அப்படியே அடைக்கறா," என்று குரலைத் தாழ்த்தினாள் சின்னவள். "பார்க்கவே கண்ணு எரியுது. சொன்னா, படுக்கத்தானே போறோம்மாங்கறா. இங்க ஜன்னலெல்லாம் பெரிசு. ஒண்ணையும் திறக்க முடியாது. வெளியில பார்த்தா ரோடும் காரும். ஒரு வீட்டுச் சமையலறை தெரியாது."

"திரும்பி வருவியா?"

"படி ஏற முடியாது. மூணு மாடி." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அதான் அவனுக்கு விட்டுட்டேன். ஒழுங்கா இருக்கானா?"

"பனியனோட நின்னு தின்னுட்டு இருக்கான்."

"அவங்க அப்பனும் அப்படித்தான். நின்னே தின்னு நின்னே செத்தார்." கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. "சரி, வைக்கறேன். உட்கார்ந்தே இருந்தா வலிக்குது."

"நாளைக்கு..."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்."

"நாளன்னிக்கு?"

"நாளன்னிக்குச் சும்மாதான் இருப்பேன்," என்றாள் சின்னவள். "எல்லா நாளும் சும்மாதான் இருக்கேன்."

போன் அணைந்தது. மடிப்பு அக்கா சமையலறையில் நின்றாள். எதிரே பஸ்காரன் தின்று முடித்துக் கையை உதறிவிட்டுத் திரையை இழுத்து மூடினான். முற்றத்தில் யாரோ சைக்கிளைச் சாய்த்துவிட்டு எடுத்து நிறுத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. புதுக் கண்ணாடியில் கண்ணாடிக்காரரின் பெருவிரல் ரேகை ஒன்று மட்டும் இருந்தது. உள்பக்கம்தான். துணியை எடுத்துத் துடைத்தாள், ஒரே துடைப்பில் போய்விட்டது.

அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இடுப்பில் எந்தப் பக்கம் முறிந்தது, இடதா வலதா, கேட்கவே இல்லை. நாளன்றைக்குக் கேட்க வேண்டும்.